மிளகாய்ப் புகை வேண்டாம், ஊசியை மறக்க வேண்டாம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மகள் கைபேசியில் உங்கள் நாளிதழைத் திறந்து கொடுப்பாள். நான் பர்மாவில், மோல்மேன் ஊரில் உட்கார்ந்துகொண்டு படிப்பேன். அண்மையில் வீட்டுக் குறிப்புப் பகுதியில், வீட்டுக்குள் வௌவால் புகுந்தால் என்ன செய்வது என்று போட்டிருந்தீர்கள். காய்ந்த மிளகாயைத் தணலில் போட்டுப் புகை மூட்டுங்கள், துடைப்பத்தை ஓங்கி விரட்டுங்கள், போனதும் வீட்டைக் கழுவிச் சாம்பிராணி போடுங்கள், தோஷம் கழியும் என்று இருந்தது. வௌவால் கடித்துவிட்டால் வெறிநோய் (ரேபிஸ்) வராமல் என்ன செய்வது என்பதற்கு ஒரு வரிகூட இல்லை. அந்த வரி விட்டுப்போனதால்தான் இதை எழுதுகிறேன். எழுத உட்கார்ந்த பிறகு மற்றதையும் விட்டுவிட மனம் வரவில்லை.

எங்கள் ஊரில் மழை பிடிக்கிற சமயத்தில் இது வருஷா வருஷம் நடக்கிற காரியம். மண் நனைந்ததும் ஈசல் கிளம்பும். அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போகும். தெருவே இருட்டாக இருக்க, யார் வீட்டில் சார்ஜ் விளக்கு எரிகிறதோ அந்த வீட்டுக்குள் ஈசல் கூட்டம் நுழையும். ஈசலைத் துரத்திக்கொண்டு வௌவால் நுழையும். தோஷமும் இல்லை, சகுனமும் இல்லை. அதற்கு இரவுச் சாப்பாட்டு நேரம், அவ்வளவுதான்.

உள்ளே வந்ததும் முதலில் பார்க்க வேண்டியது மின்விசிறியின் சுவிட்ச். இதை யாரும் சொல்வதில்லை. கரண்ட் போகும்போது சுவிட்சை அணைத்துவைக்கிற பழக்கம் நமக்குக் கிடையாதே. எங்கள் வீட்டில் வௌவால் கூடத்தைச் சுற்றிக்கொண்டிருந்தபோது திடீரென்று கரண்ட் வந்துவிட்டது. தலைக்கு மேலே விசிறி முனகிக்கொண்டு கிளம்பியது. என் கொழுந்தனார் பாய்ந்துபோய் அணைத்தார். அந்த இறக்கையில் அடிபட்டிருந்தால் ரத்தமும் எச்சிலும் குழந்தைகள் மேலேதான் தெறித்திருக்கும்.

அடுத்தது விளக்கு. உள்ளே விளக்கை அணைத்துவிட்டு, வெளியே திறக்கிற கதவு, ஜன்னல் எல்லாவற்றையும் விரியத் திறந்துவிட வேண்டும். ஒளி இல்லையென்றால் பூச்சியும் இல்லை. வௌவாலுக்கு வழி தெரிய விளக்கு தேவையில்லை; தன் குரல் மோதித் திரும்புகிற எதிரொலியைக் கேட்டே திறந்த இடம் எது என்று கண்டுகொள்ளும். மற்ற அறைகளை அடைத்துவிடுங்கள் என்று படித்தவர்கள் சொல்வார்கள். சுவர் வைத்த வீட்டுக்கு அது சரி. எங்களைப் போன்ற மரவீடுகளில் பலகைத் தடுப்பு கூரை வரை எட்டாது. கதவைச் சாத்தினாலும் மேலாகப் பறந்து அடுத்த அறைக்குப் போய்விடும். அதனால் பிள்ளைகளைக் கொசுவலைக்குள் உட்காரவைத்து, வலையின் ஓரத்தைப் பாய்க்கு அடியில் செருகிவிடுவோம். பெரியவர்கள் சுவரோரமாக நின்றுகொள்ள வேண்டும்.

ஏன் சுவரோரம் என்றால், அறைக்குள் சுற்றுகிற வௌவால் சுவரை நெருங்கும்போது மேலே ஏறித் திரும்பும், நடுவில் வரும்போது தாழ்ந்து வரும். நடுக்கூடத்தில் நிற்பவருக்கு அது முகத்தை நோக்கிப் பாய்கிற மாதிரி இருக்கும். என் மாமியார் முந்தானையைத் தலையில் இறுக்கிக்கொண்டு, ‘கூந்தலில் சிக்கினால் மொட்டையடித்துத்தான் எடுக்கணும்’ என்று கத்திக்கொண்டிருந்தார். இருட்டில் கொசுவைப் பிடிக்கிற பிராணிக்கு நம் தலை தெரியாமலா போகும்? அத்தையிடம் அந்த நேரத்தில் இதைச் சொல்ல முடியுமா, சொல்லுங்கள். சமையல்கட்டில் உட்காரவைத்துவிட்டு வந்தோம்.

பெரும்பாலும் கொஞ்ச நேரத்தில் தானாகவே வெளியே போய்விடும். எங்கள் வீட்டுக்கு வந்தது களைத்துப்போய் நாள்காட்டிக்குப் பக்கத்தில் பலகையில் ஒட்டிக்கொண்டது. அப்படி ஒட்டினால் நல்லதாயிற்று. தடித்த தோல் கையுறை போட்டுக்கொண்டு, வாயகலமான பிளாஸ்டிக் டப்பாவை மெதுவாக அதன்மேல் கவிழ்க்க வேண்டும். இறக்கை முனை விளிம்பில் நசுங்காமல் பார்த்து, பலகைக்கும் டப்பாவுக்கும் நடுவே அட்டையை நகர்த்தினால் உள்ளே மாட்டிக்கொள்ளும். கொழுந்தனார் விறகு தூக்கப் போட்டுக்கொள்கிற உறையைப் போட்டுக்கொண்டு, நாள்காட்டி அட்டையையே கழற்றிச் செருகினார். டப்பா வழியே நன்றாகப் பார்த்தேன். வயிறு விம்மி விம்மித் தணிந்தது. வாயைத் திறந்து எங்களைப் பார்த்துச் சீறியது. பற்கள் உடைத்த நொய்யரிசி முனை போல அத்தனை சிறிசு. அந்தப் பற்களை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், அப்புறம் வருகிறேன்.

வெளியே கொண்டுபோய்த் தரையில் கொட்டக் கூடாது. பல வௌவால்களுக்குத் தரையிலிருந்து எழும்பிப் பறப்பது சிரமம். உயரத்திலிருந்து விழுந்து சிறகு விரிப்பதுதான் அவற்றுக்குச் சுலபம். எங்கள் கொல்லைப் பலாமரத்தில் ஆள் உயரத்தில் டப்பாவைச் சாய்த்துப் பிடித்தோம். இறக்கை மடிப்பில் இருக்கிற கட்டைவிரல் நகத்தைப் பட்டையில் மாட்டி மாட்டி ஏறிப் போயிற்று. பகலில் அகப்பட்டால் விரட்டவே வேண்டாம். அந்த அறையைச் சாத்திவிட்டு, சாயங்காலம் ஜன்னலைத் திறந்தால் போதும்.

சரி, மிளகாய்ப் புகை என்ன செய்யும்? வௌவாலுக்கும் கண் எரியும், நமக்கும் எரியும். வழி தெரியாமல் பீரோவுக்குப் பின்னால் போய் ஒளியும், இல்லையென்றால் தொப்பென்று விழும். விழுந்ததைப் பிள்ளைகள் கையால் எடுப்பார்கள். துடைப்பத்தால் அடித்தாலும் இதே கதைதான்.

எங்கள் அடுத்த தெருவில் ஒரு பையன், பகலில் கொடிக்கம்பத்தடியில் கிடந்த வௌவாலைப் பாவம் பார்த்து வெறுங்கையால் எடுத்தான். சுட்டுவிரலில் கடித்துவிட்டது. ஊசி குத்தின மாதிரி புள்ளி, அதில் ரத்தம்கூட எட்டிப்பார்க்கவில்லை. அவன் அம்மா மஞ்சளைக் குழைத்துப் பூசிவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விட்டாள். இரவுப் பிராணி பகலில் தரையில் கிடந்து, ஆளைக் கண்டும் பறக்காமல் இருந்தாலே அதற்கு உடம்பு சரியில்லை என்று சந்தேகப்பட வேண்டும். நான் போய் மஞ்சளைக் கழுவச் சொல்லி, சோப்புப் போட்டு ஓடுகிற தண்ணீரில் 15 நிமிடம் விரலைப் பிடிக்கவைத்தேன். உலக சுகாதார நிறுவனம் சொல்கிற கணக்கு அது. பக்கத்து மருந்தகத்துக்கு அழைத்துப் போனால், ‘நாய் கடிக்கவில்லையே, அப்படியானால் தேவையில்லை’ என்று திருப்பி அனுப்பினார்கள். வேறொரு மருத்துவரிடம் போய்த்தான் வெறிநோய்த் தடுப்பூசி போட்டோம்.

வெறிநோயால் சாகிறவர்களில் 99 சதவீதம் பேருக்கு அது நாயிடமிருந்து வந்தது என்பது உண்மைதான். அதனால்தான் வௌவாலை மறந்துவிடுகிறார்கள். ஆனால் வௌவால் கடித்தாலும் பிறாண்டினாலும் அதை மூன்றாம் வகை, அதாவது தடுப்பூசியோடு காயத்தில் கிருமியை உடனே எதிர்க்கிற எதிர்ப்புரத (இம்யூனோகுளோபுலின்) ஊசியும் போட வேண்டிய வகை என்றுதான் அந்த நிறுவனம் வைத்திருக்கிறது. இலங்கையில் கன்னொறுவைப் பக்கத்துப் பழந்தின்னி வௌவால்களில் வெறிநோய்க் கிருமிக்கு நெருங்கிய உறவுள்ள கிருமியைக் கண்டுபிடித்து 2016-இல் அறிவித்தார்கள். உங்கள் வாசகர்களுக்கு அது ஒன்றும் தூரதேசம் இல்லையே. பெரும்பாலான வௌவால்களுக்கு இந்த நோய் கிடையாது. கடித்தது எந்த வௌவால் என்று நமக்கு எப்படித் தெரியும்? நாயைப் பத்து நாள் கட்டிவைத்துப் பார்க்கிற வழக்கத்தை இதற்குக் கொண்டுவரக் கூடாது. கிருமி நரம்பு வழியாக மூளைக்கு ஏறி, தண்ணீரைக் கண்டால் தொண்டை இழுக்க ஆரம்பித்த பிறகு காப்பாற்றியவர்கள் உலகத்திலேயே அபூர்வம். அதற்கு முன்னால் ஊசி முந்த வேண்டும்.

அந்தச் சின்னப் பற்களைச் சொன்னேன் அல்லவா? தூங்குகிற குழந்தைக்கோ படுத்த படுக்கையாக இருக்கிற கிழவருக்கோ குடித்துவிட்டுக் கிடக்கிறவருக்கோ அந்தக் கடி உறைக்காது, மறுநாள் தழும்பும் தெரியாது. அப்படிப்பட்டவர் தூங்கிய அறையில் வௌவாலைக் கண்டால், காயம் இல்லையே என்று இருந்துவிடாமல் மருத்துவரைக் கேட்டுவிடுவது நல்லது. பையன் இப்போது நன்றாக இருக்கிறான். அவனைக் கடித்ததற்கு நோய் இருந்ததா என்று யாருக்கும் தெரியாது, தெரிய வேண்டியதும் இல்லை.

இதைப் படித்துவிட்டு யாரும் கூட்டைக் கொளுத்தக் கிளம்ப வேண்டாம். 2020-இல் இங்கே அப்படிப் பேசினார்கள். பர்மா வௌவால்களில் ஆறு புதிய கொரோனா கிருமிகளை ஆராய்ச்சியாளர்கள் கண்டுபிடித்த செய்தி வந்த வருஷம் அது. அவற்றுக்கும் ஊரை முடக்கிய கிருமிக்கும் நெருங்கிய உறவு இல்லை என்று அவர்களே சொன்னது யார் காதிலும் ஏறவில்லை. உங்கள் பக்கத்தில் 2018-இல் கோழிக்கோட்டில் நிபா வந்த பிறகு இதே பயம். நிபாவைச் சுமப்பது பெரிய பழந்தின்னி. ஈசலுக்காக வீட்டுக்குள் வருகிற குட்டி வௌவால் அது இல்லை. எங்கள் மோன் மாநிலத்தில் டூரியான் என்கிற பழமரத்தின் பூ இரவில்தான் விரியும். தேன் குடிக்கிற வௌவால் வந்து மகரந்தம் சேர்த்தால்தான் ஒழுங்காகக் காய்க்கும். டூரியானுக்கு வரிசையில் நிற்கிறவர்களே வௌவாலைக் கொல்லச் சொல்வதுதான் எனக்குச் சிரிப்பு.

கூரைக்குள் குடியிருந்தால் ஓட்டையை அடைக்கலாம், தப்பில்லை. அவை இரை தேடிப் போன பிறகு அடைக்க வேண்டும். குட்டி இருக்கிற காலத்தில் அடைக்கக் கூடாது, உள்ளேயே செத்து நாறும். உலர்ந்த எச்சத்தைப் பெருக்காமல், தண்ணீர் தெளித்து, மூக்கை மூடிக்கொண்டு அள்ளுங்கள். அந்தத் தூசியில் நுரையீரலைப் பிடிக்கிற பூஞ்சை இருக்கலாம்.

உங்கள் குறிப்புகளை இங்கே வைபரில் குடும்பம் குடும்பமாக அனுப்பிக்கொள்கிறார்கள். ஆகவே சோப்பு, தண்ணீர், ஊசி பற்றிய வரியை அதே பகுதியில், அதே அளவு எழுத்தில் போடும்படி கேட்டுக்கொள்கிறேன். கூடவே அந்தப் படத்தையும் மாற்றிவிடுங்கள். உதடு பிளந்து, ரத்தம் சொட்டுகிற வௌவாலைப் போட்டிருந்தீர்கள். ரத்தம் குடிக்கிற வௌவால் உலகத்தில் மூன்றே வகை. மூன்றும் மெக்சிகோவிலிருந்து தெற்கே அமெரிக்கக் கண்டத்தில்தான் இருக்கின்றன. எங்கள் பக்கத்துப் படம் வேண்டுமானால் பன்றிமூக்கு வௌவாலைப் போடுங்கள். உலகத்திலேயே சிறிய வௌவால், எடை 2 கிராம்தான். தாய்லாந்தில் மட்டும் இருப்பதாக நினைத்திருந்ததை 2001-இல் பர்மாவிலும் கண்டுபிடித்தார்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
மோல்மேன், பர்மா