ராஜபாளையம் நாய்க்கு நிறமா, காதா?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

நாட்டு நாய்க் கண்காட்சி ஒன்றைப் பற்றித் தங்கள் நாளிதழில் அண்மையில் வந்த செய்தியில், பரிசு பெற்ற ராஜபாளையம் நாய்களின் பால் வெள்ளை நிறமும் ரோஜா நிற மூக்கும் பெரிதும் பாராட்டப்பட்டிருந்தன. இந்த இனத்தை இருபத்தைந்து ஆண்டுகளாக வளர்த்துவரும் எனக்கு, அந்த நாய்களுக்கு இரண்டு காதும் கேட்கிறதா என்று யாரேனும் சோதித்தார்களா என்பதே முதலில் எழுந்த கேள்வி.

காட்டுப்பன்றி வேட்டைக்கும் காவலுக்கும் உருவான நாய் இது. 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பின் வேட்டைக்கு இடமில்லை, அது சரியானதே. ஆனால், காது மந்தமான கடுவன் (ஆண் நாய்) முன்பு காட்டில் முதல் நாளே தெரிந்துவிடும், அதன் வழியில் யாரும் குட்டி எடுக்க மாட்டார்கள். அந்தச் சோதனை போன இடத்தில் நிறம் வந்து உட்கார்ந்துவிட்டது.

நிறம் மாறாமல் வர வேண்டும் என்று நானும் ஒருமுறை கடுவனை அதன் மகளோடு சேர்த்தேன். அந்த ஈத்தில் ஏழு குட்டிகள். ஐந்தாவது வாரத்தில் ஒரு பிற்பகல், சோற்றுத் தட்டு கை தவறிச் சிமெண்டுத் தரையில் விழுந்தது. ஐந்து குட்டிகள் துள்ளி எழுந்தன. இரண்டு அசையவே இல்லை. மற்றவை மேலே மிதித்துக்கொண்டு ஓடியபோதுதான் அவை கண் விழித்தன. விழித்ததும் கூட்டத்தோடு ஓடிவந்துவிடும் என்பதால், அதுவரை எனக்கு எந்தக் குறையும் தெரியவில்லை.

வெள்ளை நிறத்தைத் தரும் மரபணுக்கள் தோலில் மட்டுமன்றி உட்காதிலும் நிறமி செல்களைத் தடுக்கக்கூடும். உட்காதில் அவை இல்லாவிட்டால், பிறந்த சில வாரங்களிலேயே கேட்கும் செல்கள் அழிந்துவிடுகின்றன. வெண்மைக்கும் செவிட்டுத்தன்மைக்கும் உள்ள தொடர்பு இதுதான். வழிச்சேர்க்கை, அதாவது ஒரு நல்ல மூதாதையைச் சுற்றியே இணை சேர்ப்பது, தன்னளவில் தவறன்று. துணிவும் ஓட்டமும் நிலைத்தது அதனால்தான். ஆனால் அது நல்லதையும் கெட்டதையும் சேர்த்தே நிலைநிறுத்தும். தாத்தாவுக்கும் பேத்திக்கும் பிறக்கும் குட்டியிடம் உள்ளினச் சேர்க்கை அளவு (ஒரே மூதாதையின் மரபணு தாய், தந்தை இருவர் வழியாகவும் வரும் வாய்ப்பு) 12.5 விழுக்காடு, தந்தைக்கும் மகளுக்கும் பிறந்தால் 25 விழுக்காடு. வெள்ளைக்காக மட்டுமே தலைமுறை தலைமுறையாக இப்படிச் சேர்த்தால் காதுதான் பலியாகும்.

இதற்குத் தீர்வு வெளிரத்தம், அதாவது உறவில்லாத நாயோடு சேர்ப்பது, என்றதும் அயல்நாட்டு நாயைத்தான் பலரும் நினைக்கிறார்கள். அதற்குத் தேவையே இல்லை. ராஜபாளையம் ஈத்துகளில் அவ்வப்போது கறுப்போ பழுப்போ விழுந்த குட்டிகள் பிறக்கின்றன. கலப்பு என்று சொல்லி அவற்றைக் கொன்றுவிடும் பழக்கம் நெடுநாளாக இருந்துவருகிறது. இனத்துக்குள்ளேயே கிடைக்கும் மாற்றுவழி அந்தக் குட்டிகள்தாம் என்பது என் உறுதியான கருத்து. வெள்ளை உடலில் சிறு புள்ளிகள் கொண்ட டால்மேஷியன் இனத்தில் பிறக்கும்போதே பெரிய கறுப்புத் திட்டோடு வரும் குட்டிகளைக் கண்காட்சி விதிகள் ஒதுக்கிவைத்தன. ஆனால் அவற்றிடம்தான் செவிட்டுத்தன்மை குறைவு என்று ஆய்வுகள் காட்டின. அதே இனத்தில் சிறுநீரில் யூரிக் அமிலம் மிகும் குறைபாட்டைப் போக்க 1973இல் அமெரிக்காவில் ஒரு பாயிண்டர் நாயோடு கலந்து, பிறகு டால்மேஷியனோடேயே தொடர்ந்து சேர்த்தார்கள். அந்த வழி நாய்களை அமெரிக்கக் கென்னல் கிளப் முழுமையாக ஏற்க 2011 வரை ஆயிற்று. நாமும் அவ்வளவு காலம் காத்திருக்க வேண்டுமா?

கர்னாலில் உள்ள தேசிய விலங்கு மரபணு வளங்கள் பணியகம் ராஜபாளையத்தைத் தனி இனமாகப் பதிவு செய்திருப்பது மகிழ்ச்சி தருகிறது. அடுத்து, எந்த நாய் எதற்குப் பிறந்தது என்று சொல்லும் வம்சாவளிப் பதிவேடு வேண்டும். ஒரு காது மட்டும் கேளாத குட்டியைக் கைதட்டிப் பார்த்துக் கண்டுபிடிக்க இயலாது. கருவிச் சோதனையில்தான் தெரியும். தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் அச்சோதனையை மாவட்டந்தோறும் குறைந்த கட்டணத்தில் செய்துதர வேண்டும். கண்காட்சி நடத்துவோரும் அந்தச் சான்று இல்லாத நாய்க்குப் பரிசு தரக் கூடாது.

என்னிடம் இடது காதில் பழுப்புத் திட்டு உள்ள பெட்டை ஒன்று இருக்கிறது. இரவில் தோட்டத்து வேலிக்கு அப்பால் சருகு மிதிபட்டாலும் முதலில் எழுவது அதுதான். உறவில்லாத வேறொரு வழிக் கடுவனோடு அதை இந்த ஆண்டு சேர்க்க இருக்கிறேன். அந்த ஈத்தை ராஜபாளையம் என்று ஏற்பார்களா என்பதைச் சங்கங்களும் அரசும் தெளிவாகச் சொல்ல வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ராஜபாளையம் நாய் வளர்ப்பவர் ஒருவர்,
விருதுநகர் மாவட்டம்.