மெதுவாக ஆடுவது கோழைத்தனம் அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்து குறித்துச் சென்ற இதழில் வெளியான கட்டுரையைப் படித்ததும் இக்கடிதத்தை எழுதாமல் இருக்க முடியவில்லை. ஐம்பது புள்ளிகளுக்குள் முடியும் ஆட்டங்கள் ரசிகர்களை விரட்டுகின்றன, தற்காப்பை மட்டும் நம்பும் சிறிய அணிகள் ஆட்டத்தைக் கெடுக்கின்றன, ஷாட் கிளாக்கை (பந்து கிடைத்த அணி வளையத்தை நோக்கி எறிந்தாக வேண்டிய கால வரம்பை) 30 நொடியிலிருந்து 24 நொடியாகக் குறைத்தால் இந்தத் தொல்லை ஒழியும் என்கிறார் கட்டுரையாளர். நியூ ஜெர்சியில் குடியிருந்து, இங்குள்ள சிறிய கல்லூரிகளின் ஆட்டங்களை ஆண்டுதோறும் விடாமல் பார்த்துவரும் எனக்கு இது பெரும் அநியாயமாகப் படுகிறது.

பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தை எடுத்துக்கொள்வோம். செல்வமும் புகழும் உள்ள நிறுவனம்தான். ஆனால் அது இடம்பெற்றுள்ள ஐவி லீக் என்ற கூட்டமைப்பின் கல்லூரிகள் விளையாட்டுக்கென்று உதவித்தொகை தருவதில்லை. நாட்டின் தலைசிறந்த பள்ளி வீரர்கள் அங்கே போவது அபூர்வம். அங்கு 1967 முதல் 1996 வரை பயிற்சியாளராக இருந்த பீட் கரில், பென்சில்வேனியாவின் பெத்லகேமில் ஓர் எஃகு ஆலைத் தொழிலாளியின் மகனாகப் பிறந்தவர். உயரத்திலும் வேகத்திலும் தம் பிள்ளைகளை மிஞ்சியவர்களோடு மோத அவர் கண்டுபிடித்த வழி, ஐந்து பேரும் ஓயாமல் இடம் மாறிக்கொண்டே பந்தைக் கைமாற்றுவது. எதிராளியின் கண் பந்தின்மேல் இருக்கும் கணத்தில் ஒருவர் அவர் முதுகுக்குப் பின்னால் வளையத்தை நோக்கி ஓடி, பாஸ் வாங்கி, லே-அப் (வளையத்துக்கு மிக அருகிலிருந்து பந்தைப் போடுவது) போட்டுவிடுவார். அந்தக் கணம் வாய்க்கும்வரை யாரும் அவசரப்பட்டு எறியக் கூடாது.

கல்லூரி அணிகளின் தேசியப் போட்டி மார்ச்சில் நடக்கும்; அதில் ஒவ்வொரு பிரிவிலும் அணிகளை வலிமைப்படி 1 முதல் 16 வரை வரிசைப்படுத்துவார்கள். 1989 மார்ச்சில் அதன் முதல் சுற்றில், 16ஆம் நிலை பெற்ற பிரின்ஸ்டன், முதல் நிலை அணியான ஜார்ஜ்டவுனோடு மோதியது. இடைவேளையில் 29-21 என்று முன்னிலையில் இருந்தது பிரின்ஸ்டன்! அலோன்சோ மோர்னிங் என்ற நெடிய வீரர் கடைசி நொடிகளில் பந்தைத் தடுத்ததால்தான் 50-49 என்று ஜார்ஜ்டவுன் தப்பித்தது. சிறிய லீக்குகளின் சாம்பியன்களுக்குத் தேசியப் போட்டியில் நேரடி இடம் எதற்கு என்று பலர் கேட்டுக்கொண்டிருந்த காலம் அது. அந்த ஒரு புள்ளித் தோல்விக்குப் பிறகு அந்தக் கேள்வி வலுவிழந்தது.

ஏழு ஆண்டுகள் கழித்து, 1996இல், முந்தைய ஆண்டின் சாம்பியனான யு.சி.எல்.ஏ. அணியை அதே பிரின்ஸ்டன் 43-41 என்று வென்றது. ஆட்டம் முடிய ஆறு நிமிடம் இருக்கையில் 41-34 என்று பின்தங்கியிருந்த அணி அது. அதன் பிறகு சாம்பியன்களால் ஒரு புள்ளிகூட எடுக்க முடியவில்லை. வெற்றிப் புள்ளிகளும் முதுகுக்குப் பின்னால் ஓடிப் போட்ட லே-அப் மூலம்தான் வந்தன. மொத்தமே 84 புள்ளிகள் விழுந்த அந்த ஆட்டத்தைச் சலிப்பானது என்று சொல்ல யாருக்கு மனம் வரும்?

இதற்குப் பின்னால் எளிய கணக்கு ஒன்று இருக்கிறது. நூற்றுக்கு அறுபது தடவை தலை விழும்படி ஒரு நாணயம் கோணலாக இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் பூவின் பக்கம். ஐந்து முறை சுண்டி, அதிகம் விழுந்தவர் வெற்றி என்றால் உங்களுக்கு ஏறக்குறைய மூன்றில் ஒரு வாய்ப்பு உண்டு. 101 முறை சுண்டினால் உங்கள் வாய்ப்பு நூற்றுக்கு இரண்டாகச் சுருங்கிவிடும். கூடைப்பந்திலும் அப்படித்தான்: பந்து எத்தனை முறை ஓர் அணியிடமிருந்து மற்ற அணிக்குப் போகிறதோ அத்தனைக்குத் திறமையின் வித்தியாசம் வெளிப்படும். எளிய அணி ஆட்டத்தை நிதானப்படுத்தினால் அந்த எண்ணிக்கை குறைகிறது. இதில் ஏமாற்று ஏதும் இல்லை.

2018இல் நடந்ததும் இந்தக் கணக்குக்குச் சான்றுதான். அப்போது நாட்டிலேயே மிக மெதுவாக ஆடிய அணிகளில் ஒன்றான வர்ஜீனியா, முதல் நிலை பெற்றிருந்தும் 16ஆம் நிலையில் இருந்த யு.எம்.பி.சி. என்ற மேரிலாந்துப் பல்கலைக்கழக அணியிடம் 74-54 என்று தோற்றது. இடைவேளையில் 21-21. வலிய அணி நிதானமாக ஆடினால் எளியவனுக்குக் கதவைத் திறந்துவைக்கிறது. (அடுத்த ஆண்டே அதே பாணியில் வர்ஜீனியா சாம்பியன் ஆனது என்பதையும் மறைக்கக் கூடாது.)

வர்ஜீனியாவின் அன்றைய தற்காப்பு முறை பிறந்ததும் பெரிய இடத்தில் அல்ல. அதன் அப்போதைய பயிற்சியாளர் டோனி பென்னட்டின் தந்தை டிக் பென்னட், விஸ்கான்சின்-கிரீன் பே போன்ற கல்லூரிகளில் வளர்த்தெடுத்த முறை அது. பந்து வைத்திருப்பவரை ஒருவர் நெருக்குவார்; மற்ற நால்வரும் வளையத்திலிருந்து பதினாறு அடிக்குள் ஒரு கற்பனைக் கோடு போட்டு உள்ளே அடைத்து நிற்பார்கள். 1994இல் கிரீன் பே, ஜேசன் கிட் என்ற நட்சத்திர வீரர் ஆடிய கலிபோர்னியாவை 61-57 என்று வீட்டுக்கு அனுப்பியது.

கால்களை எங்கே வைப்பது, யார் யாருக்குத் துணைக்குப் போவது என்பதையெல்லாம் கற்றுக்கொடுக்கலாம். விலைக்கு வாங்க வேண்டியதில்லை. இன்றைய நிலையில் இதுவே பெரிய விஷயம். 2022இல் எங்கள் ஜெர்சி சிட்டியின் செயின்ட் பீட்டர்ஸ், கென்டக்கியையும் பர்டூவையும் வீழ்த்தி, 15ஆம் நிலை அணிகளில் முதலாவதாகக் கடைசி எட்டுக்குள் நுழைந்தது. அந்தப் பருவம் முடிந்ததுமே பயிற்சியாளர் வேறு பல்கலைக்கழகத்துக்குப் போனார். முக்கிய வீரர்கள் பலரும் வெளியேறினார்கள். 2025 ஜூலை முதல் கல்லூரிகள் தங்கள் வருவாயிலிருந்து வீரர்களுக்கு நேரடியாகவே பணம் தரலாம். எல்லா விளையாட்டுகளுக்கும் சேர்த்து முதல் ஆண்டு உச்சவரம்பு ஏறத்தாழ 2 கோடியே 5 லட்சம் டாலர். சிறிய கல்லூரிகள் அந்தப் பக்கமே போக முடியாது. நல்ல வீரன் ஒருவன் உருவானால் மறுவருடமே வேறு சீருடையில் நிற்பான். இந்நிலையில் அவர்களிடம் மிஞ்சுவது முறையும் உழைப்பும் பொறுமையும்தான்.

கட்டுரையாளரின் வாதத்தில் நியாயமே இல்லை என்று சொல்ல மாட்டேன். 1968இல் டியூக்கை வட கரோலினா ஸ்டேட் 12-10 என்று வென்றதும், 1973இல் டென்னசி 11, டெம்பிள் 6 என்று முடிந்ததும் கூடைப்பந்தே அல்ல. பந்தை அணைத்துக்கொண்டு நின்ற கதை. அதனால் 1985-86 பருவத்தில் 45 நொடி விதி வந்தது சரிதான். பின்னர் அது 35 ஆகி, 2015-16 முதல் 30 ஆனது. முப்பது நொடிக்குள் யாரும் பந்தை ஒளித்துவைக்க முடியாது. ஆனால் ஐந்து பேர் சேர்ந்து திட்டமிட்டு ஒரு நல்ல வாய்ப்பை உருவாக்க முடியும். அதிலும் ஆறு நொடியைப் பிடுங்கினால், முதல் திட்டம் உடைந்ததும் இரண்டாவதற்கு நேரம் இருக்காது. ஆளுக்கு ஆள் மோதி எறிய வேண்டிவரும். அங்கே உயரமும் உடல்வலுவும்தான் பேசும்; அவை பணம் உள்ள கல்லூரிகளிடம் ஏராளமாக இருக்கின்றன.

விதியை மாற்றச் சொல்லும் முன், அடுத்த மார்ச்சில் 13ஆம், 14ஆம் நிலை அணிகளின் ஆட்டங்களில் பந்து இல்லாத நால்வர் என்ன செய்கிறார்கள் என்று கட்டுரையாளர் கவனித்துப் பார்க்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். அதன் பிறகும் அவருடைய கருத்து மாறவில்லை என்றால், தங்கள் இதழிலேயே எழுதட்டும். பதில் எழுத நான் தயாராக இருக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
நியூ ஜெர்சி, அமெரிக்கா