அந்தப் புழுவுக்கு வலிக்குமா என்று கேட்டாயே

அன்புள்ள பாப்பாவுக்கு,

அம்மா எழுதுகிறேன். முகூர்த்தத்துக்குப் பட்டு வேண்டாம் என்று போன ஞாயிற்றுக்கிழமை நீ சொன்னதும் கோபத்தில் போனை வைத்துவிட்டேன். "அந்தப் புழுவுக்கு வலிக்காதாம்மா?" என்று கேட்டாயே, அது மட்டும் காதை விட்டுப் போகவே இல்லை. 22 வருஷமாகப் பட்டுப்புழு வளர்க்கிறவள், பதில் சொல்லாமல் இருக்கக்கூடாது.

நாம் கொல்வதில்லை, கூட்டைத்தான் விற்கிறோம் என்று இத்தனை நாளும் மனசுக்குச் சமாதானம் சொல்லி வந்தேன். தர்மபுரி அங்காடியில் எடை போட்டுப் பணம் வாங்கினால் நம் வேலை முடிந்தது. ஆனால் உள்ளே கூட்டுப்புழு உயிரோடு இருப்பது தெரிந்துதானே விற்கிறேன்? பூச்சி துளைத்து வெளியே வந்தால் இழை அறுந்துவிடும், அதனால் அதற்கு முன்பே ஆவியில் வைத்துக் கொன்றுவிடுகிறார்கள். ஒரு கிலோ நூலுக்கு ஆறேழு கிலோ கூடு வேண்டும். ஒரு கிலோவில் 500, 600 கூடு இருக்கும். கணக்கை நீயே போட்டுக்கொள்.

நான் கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன். புழு மேல் முட்டையிடுகிற ஊசி ஈ வந்து உட்கார்ந்தால் புழு உடம்பை உதறும். தோலுரிக்கும் நேரத்தில் தின்னாமல், தலையைத் தூக்கிக்கொண்டு அசையாமல் கிடக்கும். அப்போது உன் ஆயா புழுத் தட்டுப் பக்கம் யாரையும் விடமாட்டார். பால்புழு நோய் கண்டதைப் பொறுக்கி ப்ளீச்சிங் கரைத்த வாளியில் போடுவேன். போட்டதும் முறுக்கிக்கொண்டு துடிக்கும். நான் முகத்தைத் திருப்பிக்கொள்வேன். வலி இல்லாத பொருள் என்று நம்பியிருந்தால் எதற்குத் திருப்பிக்கொண்டேன்?

துடிப்பதெல்லாம் வலி இல்லை என்கிறான் உன் தம்பி. கால் நசுங்கிய பூச்சி அதே காலை ஊன்றி நடக்குமாம். கும்பிடுபூச்சி தன்னைத் தின்னும்போதும் வெட்டுக்கிளி இலை தின்பதை நிறுத்தாதாம். அவன் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. நமக்கு வலிக்கிற மாதிரியே அதற்கும் வலிக்கும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் லண்டன் குயின் மேரி பல்கலைக்கழகத்தில் 2022ல் பம்பிள்பீ என்கிற குண்டுத் தேனீக்களை வைத்துச் செய்த சோதனையைப் பற்றி அனுப்பியிருந்தாயே, அதை இரண்டு தடவை படித்தேன். சர்க்கரைத் தண்ணீர் இரண்டு பக்கமும் ஒரே தித்திப்பாக இருந்தால், சூடாக்கிய இடத்தை விட்டு விலகிப் போகின்றன. சூடான பக்கம் தித்திப்பு அதிகம் என்றால் சூட்டைப் பொறுத்துக்கொண்டு அங்கேயே போகின்றன. இவ்வளவு கிடைத்தால் இவ்வளவு சூடு தாங்கலாம் என்று நிறுத்துப் பார்க்கிற உயிரை யந்திரம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. தேனீ வேறு, பட்டுப்புழு வேறுதான். அதற்காக நம் புழுவுக்கு ஒன்றுமே தெரியாது என்று அடித்துச் சொல்லிவிட முடியுமா?

புழுவுக்கு இலை தருகிற மல்பெரியை நாளைக்கே பிடுங்கிவிட முடியாது கண்ணு. கடன் இருக்கிறது, தம்பி படிப்பு இருக்கிறது. உன்னை அவ்வளவு தூரம் அனுப்பி வைத்ததே இந்தப் புழுக்கள்தான், அதை மறந்துவிட்டுப் பேசுகிறாய் என்றுதான் கோபம் வந்தது. மறக்காததால்தான் கேட்டிருக்கிறாய் என்று இப்போது புரிகிறது.

அடுத்த பேட்ச்சுக்கு 200 முட்டைத் தொகுதிக்குப் பதில் 150 போதும் என்று சொல்லிவிட்டேன். நெருக்கமில்லாமல் வளர்த்தால் நோய் குறையும், அந்த வாளிக்கு வேலையும் குறையும். எரிப்பட்டு என்கிற வேறு வகைப் பட்டைப் பற்றியும் பட்டு வளர்ச்சித் துறையில் விசாரிக்கப் போகிறேன். அந்தப் புழு ஆமணக்கு இலை தின்னும், மரவள்ளி இலையும் தின்னும். அதன் கூடு ஒரு முனையில் திறந்தே இருக்கும். பூச்சி வெளியே போன பிறகு வெறுங்கூட்டைப் பஞ்சு மாதிரி நூற்கலாம். விலை எப்படிப் போகிறது என்று கேட்டுக்கொண்டு, ஓரமாக அரை ஏக்கரில் ஆமணக்கு போட்டுப் பார்க்கலாம்.

முகூர்த்தத்துக்குக் காரைக்குடிக் கண்டாங்கி எடுப்போம், அரக்கு நிறத்தில், நல்ல பருத்தியாக. ஆயாதான் லேசில் ஒத்துக்கொள்ள மாட்டார். நான் பேசுகிறேன். நீயும் அவருக்கு ஒரு போன் போடு, சாயங்காலம் புழுவுக்கு இலை போட்டு முடித்த பிறகு.

அன்புடன்,
அம்மா