கஸ்டம்ஸ் சட்டத்துல பயணிக்கு என்ன உரிமை இருக்குன்னு தமிழ்ல எழுதி வைங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்,

கல்ஃப், சிங்கப்பூர், மலேசியான்னு போயிட்டு லீவுக்கு வர்றவங்க எங்க ராமநாதபுரம் பக்கம் ரொம்ப அதிகம், இவங்கள்ல நிறைய பேருக்கு ஊருக்கு வர்ற சந்தோஷத்தோட சேர்ந்து கஸ்டம்ஸ் பயமும் வந்துடுது. இமிகிரேஷன்ல பெருசா ஒண்ணும் இல்ல, செல்லுபடியாகுற இந்திய பாஸ்போர்ட் இருந்தா போதும், அது தொலைஞ்சிருந்தா தூதரகத்துல எமர்ஜென்சி சர்டிபிகேட் வாங்கிட்டு வரலாம்.

கஸ்டம்ஸ்லதான் விவரம் தெரிஞ்சிருக்கணும். 1962ம் வருஷ சுங்கச் சட்டம் 77வது பிரிவுப்படி பெட்டியில என்ன இருக்குன்னு நாமளாத்தான் சொல்லணும், வரி கட்ட வேண்டிய பொருளை வச்சுக்கிட்டு க்ரீன் சேனல்ல, அதாவது சொல்றதுக்கு எதுவும் இல்லாதவங்க போற வழியில நடந்துட்டு அப்புறம் "யாரும் கேக்கலையே"ன்னா எடுபடாது. நகையில ஆணுக்கு 20 கிராம், பெண்ணுக்கு 40 கிராம் வரி இல்லாம கொண்டு வரலாம்ங்கிற சலுகை 1 வருஷத்துக்கு மேல வெளிநாட்டுல இருந்துட்டு வர்றவங்களுக்குத்தான், பிஸ்கட், காயினெல்லாம் அதுல வராது. நோட்டா 5,000 டாலருக்கு மேல இருந்தா எழுதிக் கொடுக்கணும். தெரிஞ்சவர் குடுத்த பார்சல்னாலும் தூக்கிட்டு வந்தவர்தான் பதில் சொல்லணும், தயவுசெஞ்சு பிரிச்சுப் பாக்காம வாங்காதீங்க.

இதெல்லாம் நம்ம கடமை, ஆனா அதே சட்டம் நமக்கும் பாதுகாப்பு கொடுத்திருக்கு, அது யாருக்குமே தெரியல. 102வது பிரிவுப்படி உடம்புல சோதனை போடணும்னா, நாம கேட்டா பக்கத்துல இருக்கிற கெசட்டட் கஸ்டம்ஸ் ஆபீசர்கிட்டயோ மாஜிஸ்ட்ரேட்கிட்டயோ கூட்டிட்டுப் போகணும், பெண்களை பெண்கள்தான் சோதிக்கணும், சாட்சி 2 பேராவது இருக்கணும், எடுத்த பொருளுக்கு லிஸ்ட் போடணும். பொருளை பறிமுதல் பண்ணா 6 மாசத்துக்குள்ள நோட்டீஸ் வரணும், அதை இன்னும் 6 மாசம் நீட்டிக்கலாம், அதுக்குள்ளயும் வரலைன்னா பொருளை திருப்பிக் கொடுத்தாகணும். ஒழுங்கா டிக்ளேர் பண்ண பொருளை, திரும்பப் போகும்போது வாங்கிக்கிறேன்னு அங்கயே வச்சுட்டும் போகலாம், 80வது பிரிவு. பத்தாவது படிச்சுட்டு கட்டட வேலைக்குப் போனவருக்கு இதை யார் சொல்றது, சோதனையில எடுத்ததை எழுதி கையெழுத்து வாங்குற மகஜர்ல என்ன எழுதியிருக்குன்னு தெரியாமலே கையெழுத்து போட்டுட்டு வந்துடுறாங்க.

அதனால சென்னை, திருச்சி, மதுரை, கோவை ஏர்போர்ட்ல இந்த விதிகளை பெரிய எழுத்துல தமிழ்ல போர்டு வைக்கணும். அதுவும் பெட்டி வர்ற பெல்ட் பக்கத்துலயே வைக்கணும், ஏன்னா அதைத் தாண்டிட்டா டிக்ளேர் பண்றவங்க போற ரெட் சேனலா, க்ரீன் சேனலான்னு யோசிக்க நேரமே இருக்காது.

இப்படிக்கு,
ஒரு வாசகர், ராமநாதபுரம்