கண்புரை அறுவை அரங்குகளில் பாட்டு: பொறுப்பு மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும் ஒரு திறந்த மடல்

வணக்கம்.

கண்புரை அறுவையில் பெரும்பாலும் நோயாளி விழித்தபடியேதான் படுத்திருக்கிறார். கண் மரத்திருக்கும், காது மரத்திருக்காது. முகத்தை மூடிய துணிக்கடியில் தட்டில் கருவி விழும் சத்தம், மெஷினின் பீப், ‘அடுத்த கேஸ ஏத்துங்க’ எல்லாம் கேட்கும். பயத்தில் பிரஷர் ஏறும். கண்ணை இறுக்குவார், தலையை அசைப்பார்.

பாட்டு இங்கே உதவும். 2015இல் ‘லான்செட்’ இதழில் 73 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். அறுவைக்குப் பிந்தைய வலி, பதற்றம், வலி மருந்தின் தேவை மூன்றும் குறைந்திருந்தன. மருத்துவமனையில் தங்கும் நாள் குறையவில்லை. வலி மருந்து குறைந்தது என்பதற்காக, மரத்துப்போகும் ஊசியைக் குறைப்பதற்கான வழியாக இதை நினைக்க வேண்டாம்.

‘எங்கள் தியேட்டரில் ஏற்கெனவே பாட்டு ஓடுகிறதே’ என்பீர்கள். அது சர்ஜனுக்குப் பிடித்த பாட்டு. நாங்கள் கேட்பது நோயாளியின் பாட்டை. இன்ன நோய்க்கு இன்ன ராகம் என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் பட்டியலுக்கு உறுதியான ஆதாரம் கிடையாது. கண் அறுவைக்கு வந்த பாட்டிக்கு மாரியம்மன் தாலாட்டோ, நாகூர் ஹனிபாவோ, கீர்த்தனையோ, அவரையே கேளுங்கள். ஒன்று மட்டும் கவனம்: நாகஸ்வரம் கேட்டால் கல்யாண வாசிப்பைப் போட வேண்டாம். திடீரென்று கெட்டிமேளம் முழங்கினால் மைக்ராஸ்கோப்புக்குக் கீழே தலை துள்ளும். தாளம் போட வைக்கும் துள்ளல் பாட்டும் அப்படியே. நிமிடத்துக்கு 60 முதல் 80 தட்டு வரையிலான நிதான நடை போதும்.

ஹெட்போன் வாங்கிவிடாதீர்கள். பின்பட்டை தலையைச் சாய்க்கும், கண்ணைக் கழுவும் நீர் காதுப்பக்கம் வழியும். இன்னொன்றும் உண்டு. 2019இல் வந்த ஒரு அமெரிக்க ஆய்வில் 157 பேரில் ஒரு பாதிக்கு நரம்பு மரப்பு ஊசிக்கு முன் பதற்றம் தணிக்கும் மிடசோலம் மருந்து, மறுபாதிக்கு ஹெட்போனில் இசை. பதற்றம் இரண்டிலும் ஏறக்குறைய ஒரே அளவில் குறைந்தது. ஆனால் இசைக் குழுவில் பேசிப் புரிந்துகொள்வது கடினமாக இருந்தது. ‘லைட்டைப் பாருங்க, அசையாதீங்க’ என்பது கேட்காத காதால் என்ன பயன்?

உள்ளங்கை அளவு ஸ்பீக்கர் ஒன்றை மெல்லிய பிளாஸ்டிக் உறையில் போட்டு, அறுவை நடக்காத கண்ணின் பக்கம், மேசைக் கம்பியில் கட்டுங்கள். துணிக்கடியில் வைக்காதீர்கள், அங்கே ஆக்சிஜன் குழாய் இருக்கலாம், தீ அபாயம். ஒவ்வொரு கேஸுக்கும் உறையை மாற்றுங்கள். பாட்டு மெமரி கார்டில் இருக்கட்டும். யூடியூபில் போட்டால் நடுவில் விளம்பரம் அலறும். போனில் போட்டால் அழைப்பு மணி அடிக்கும்.

கண்பாப்பா விரிய சொட்டு மருந்து விட்டு உட்காரவைக்கும் இருபது நிமிடமே தொடங்க ஏற்ற நேரம். ஒரு கை தூரத்திலிருந்து மெதுவாகப் பேர் சொல்லிக் கூப்பிடுங்கள். திரும்பினால் ஒலி சரி. காது மந்தமானவருக்கு ஒலியைக் கூட்டாமல் ஸ்பீக்கரைப் பக்கத்தில் நகர்த்துங்கள். எந்தக் கண், என்ன பவர் லென்ஸ் என்று சரிபார்க்கும்போது பாட்டு நிற்க வேண்டும். ‘பாட்டு வேண்டாம்’ என்பவர் இருந்தால் கேஸ் ஷீட்டில் எழுதிவிடுங்கள், மேசையில் இன்னொருவர் மறுபடி கேட்காமலிருக்க.