விதியை மனப்பாடம் செய்தால் போதுமா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தங்கள் நாளிதழின் மாணவர் பக்கத்தில் போன வாரம் ரியாக்ட் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். இணைய உலாவியில் ஓடும் ஜாவாஸ்கிரிப்ட் மொழியில் திரைகளைக் கட்ட உதவும் நிரல் தொகுப்புதான் ரியாக்ட். இந்த வேலைக்கு வரும் பிள்ளைகளுக்காகத் தமிழில் இவ்வளவு தெளிவாக எழுதியதற்கு நன்றி. ஆனால் 'ஹூக் விதிகளை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்' என்று அதில் ஓர் அறிவுரை இருந்தது. திரை தன் தரவை நினைவில் வைத்துக்கொள்வது போன்ற வேலைகளுக்காக நாம் கூப்பிடும் ரியாக்ட் செயல்கூறுதான் ஹூக். அவற்றை 'இஃப்' போன்ற நிபந்தனைக்குள் வைக்காமல் எப்போதும் ஒரே வரிசையில் கூப்பிட வேண்டும் என்பது அந்த விதிகளில் முக்கியமானது. அந்த விதிகள் எனக்கு மனப்பாடம்தான். அப்படியும் தவறு செய்தேன், அதனால்தான் எழுதுகிறேன்.

அஸ்தம்பட்டியில் வீட்டிலிருந்தபடியே பன்னிரண்டு ஆண்டுகளாக நிரல் எழுதுகிறேன். ஏற்காட்டில் ஒரு காபித் தோட்டத்துக்கு எடை பதியும் திரை செய்து கொடுத்தேன். பறித்த பழம் என்றால் கிலோவில் பதிய வேண்டும், காய வைத்த கொட்டை என்றால் மூட்டையில். மேலே ஒரு பொத்தான் இரண்டுக்கும் மாற்றித் தரும். அடித்த எண்ணை நினைவில் வைக்கும் ஹூக்கின் பெயர் யூஸ்ஸ்டேட். 'பழம் என்றால் இந்த யூஸ்ஸ்டேட், இல்லையென்றால் அந்த யூஸ்ஸ்டேட்' என்று ஓர் இஃப்புக்குள் எழுதிவிட்டேன்.

டிசம்பரில் பறிப்பு மும்முரமாக நடந்துகொண்டிருந்தது. ஒருநாள் சாயங்காலம் எடை எழுதுபவர் ஓர் அம்மா பறித்த 38 கிலோவை அடித்தார். சேமிக்கும் முன் கை பட்டுப் பொத்தான் மாறிவிட்டது. எண் அப்படியே நின்றது, இப்போது 38 மூட்டையாக. பிழைச் செய்தி எதுவும் வரவில்லை. அந்த அம்மாவின் அன்றைய உழைப்பு அவர் கணக்கில் ஏறவே இல்லை. சம்பள நாளில் அவர் பத்திரமாக வைத்திருந்த சீட்டைக் காட்டிய பிறகுதான் எனக்கே தெரிந்தது. சீட்டைத் தொலைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றைக்கும் நினைத்துப் பார்க்கிறேன்.

ஏன் இப்படி ஆனது? 2019 பிப்ரவரியில் ரியாக்ட் 16.8 பதிப்போடு வந்த ஹூக்குகளுக்குத் தனித்தனிப் பெயர் கிடையாது. எத்தனையாவதாகக் கூப்பிட்டோம் என்ற வரிசையை வைத்துத்தான் ரியாக்ட் அவற்றை அடையாளம் காண்கிறது. நம் ஏற்காடு மலைப்பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன. எண் பலகை எதுவும் இல்லாமல் அடிவாரத்திலிருந்து எண்ணிக்கொண்டே ஏறுவதாக வைத்துக்கொள்ளுங்கள். நடுவில் ஒன்று விட்டுப்போனால் அதற்கு மேல் எல்லாமே தப்பு. என் திரையில் எண்ணிக்கை மாறவில்லை. இரண்டு கிளையிலும் ஒவ்வொரு ஹூக்தான் இருந்தது. அதனால் கிலோ இருந்த இடத்தை மூட்டை சத்தமில்லாமல் எடுத்துக்கொண்டது.

இதைச் சுட்டிக்காட்ட, நிரலில் தவறு தேடும் ஈஎஸ்லிண்ட் என்ற கருவிக்கு ஒரு துணை நிரல் இருக்கிறது என்பது சரி. ஆனால் ஒரே ஒரு குறிப்பு வரி எழுதினால் அதன் வாயை அடைத்துவிடலாம். அவசரத்தில் நான் அடைத்திருந்தேன்.

அதற்கு அப்புறம்தான் பியூர்ஸ்கிரிப்ட் கற்றேன். 2013-இல் ஃபில் ஃப்ரீமன் தொடங்கிய, எல்லாவற்றையும் சார்புகளாகவே (ஃபங்ஷன்) எழுதும் நிரல் மொழி அது. கடைசியில் ஜாவாஸ்கிரிப்டாகத்தான் மாறும், அதனால் ரியாக்டோடு சேர்ந்து வேலை செய்யும். அதில் ரியாக்ட் பேசிக் ஹூக்ஸ் என்று ஒரு தொகுப்பு உண்டு. வகை (டைப்) என்றால் ஒரு மதிப்பு எண்ணா, எழுத்தா, வேறெதுவா என்று சொல்லும் அடையாளம். ஒவ்வொரு ஹூக்கைக் கூப்பிடும்போதும் அது என்ன ஹூக், எந்த வகைத் தரவை வைத்திருக்கிறது என்பது நிரலின் வகையிலேயே ஒன்றன்மேல் ஒன்றாக ஏறிக்கொள்ளும். ஒவ்வொரு வளைவிலும் பலகை நட்டுக்கொண்டே போவது மாதிரி. இஃப்பின் ஒரு கிளையில் ஹூக் இருந்து மறு கிளையில் இல்லையென்றால் இரண்டின் வகையும் ஒத்துப்போகாது. நிரலை ஜாவாஸ்கிரிப்டாக மாற்றித் தரும் கம்பைலர் அங்கேயே நிறுத்திவிடும், திரை பயனரிடம் போகவே போகாது. திரையை வரையும் நேரத்திலேயே ஹூக் வைத்திருக்கும் மதிப்பை மாற்றப் பார்த்தாலும் இதே கதிதான். அந்தச் செயலின் வகையே வேறு.

ஒன்றைச் சொல்லாமல் விட்டால் தவறு. கிலோவையும் மூட்டையையும் நான் வெறும் எண்ணாகவே எழுதியிருந்தால் பியூர்ஸ்கிரிப்டும் பேசாமல் விட்டிருக்கும், ஏனென்றால் இரண்டு கிளைக்கும் வகை ஒன்றுதான். இரண்டையும் தனித்தனி வகையாக அறிவித்த பிறகுதான் கம்பைலர் மறுத்தது. வேறு வழியில்லாமல் இரண்டு ஹூக்கையும் இஃப்புக்கு மேலே கொண்டுவந்தேன். ரியாக்டின் விதி முதலிலிருந்தே கேட்டதும் அதைத்தான்.

இந்த மொழிக்கு வேலை விளம்பரம் குறைவு, அதன் பிழைச் செய்திகள் ஆரம்பத்தில் மிரட்டும். ஆனாலும் போன ஆண்டு என்னிடம் பயிற்சிக்கு வந்த இரண்டு இறுதியாண்டு மாணவிகள் மூன்று வாரத்தில் அதில் ஒரு சிறிய திரையை முடித்தார்கள். அதன் பிறகு ஜாவாஸ்கிரிப்ட் எழுதும்போதும் 'இந்த எண் எதன் எண்?' என்று அவர்களே கேட்க ஆரம்பித்தார்கள். கல்லூரியில் யாரும் அவர்களை அந்தக் கேள்வி கேட்க வைத்ததில்லை.

மாணவர் பக்கத்தில் நான்கு வாரமாவது வகைகளைப் பற்றி எழுதுங்கள். எடுத்துக்காட்டு நிரல்கள் வேண்டுமென்றால் நான் எழுதித் தருகிறேன், அந்த எடைத் திரையையே இரண்டு விதமாகவும் எழுதி வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
அஸ்தம்பட்டி, சேலம்.