லா பிரேயாவில் கன்றின் தாடையையும் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பழங்கால விலங்குகள் தாரில் சிக்கி மாண்ட, லாஸ் ஏஞ்சலிஸ் நகரின் லா பிரேயா தார்க்குழிகளைப் பற்றித் தங்கள் அறிவியல் பக்கத்தில் வந்த கட்டுரையை ஆர்வத்தோடு படித்தேன். வாள்பல் பூனையின் மண்டையோடு அரைப்பக்கத்துக்கு வந்திருந்தது. 2,000-க்கும் மேற்பட்ட வாள்பல் பூனைகளும் 4,000-க்கும் மேற்பட்ட பெரும் ஓநாய்களும் கிடைத்த இடம் அது. படம் போட வேண்டியதுதான். ஆனால் அந்த விலங்குகள் எங்கிருந்து, எந்தப் பருவத்தில் வந்தன என்பதை ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். பணிக்காலம் முழுதும் மாட்டின் வாயைத் திறந்து பல் பார்த்தவனுக்கு அது போதவில்லை.

கண்ணபுரம் சந்தையில் காளை வாங்க வருகிறவர் முதலில் செய்வது என்ன? கீழ்த்தாடையில் முன்பல்லுக்கும் கடைவாய்ப் பல்லுக்கும் நடுவே பல் இல்லாத இடைவெளியில் கட்டைவிரலைக் கொடுத்து வாயைத் திறப்பார். முன்பல் எல்லாம் சின்னதாக, பால்வெள்ளையாக இருந்தால் அவை பால்பற்கள், இன்னும் பல் போடவில்லை. நடுவில் அகலமாக இரண்டு முளைத்திருந்தால் ரெண்டு பல். பிறகு நாலு, ஆறு, எட்டும் போட்டால் கடை சேர்ந்தது. விற்பவர் என்ன வயது சொன்னாலும் பல் சொல்வதுதான் பேச்சு.

லா பிரேயாவில் ஜெஃபர்சன், கோல்டின் என்ற இரு ஆய்வாளர்கள் இதே வழியில் போனார்கள். நம் காட்டுமாட்டுக்கு உறவான, இப்போது அற்றுப்போன பழைய பைசன் இனத்தின் கீழ்த்தாடைகளை எடுத்து, பல் எவ்வளவு முளைத்திருக்கிறது, எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று பார்த்து 1989-இல் வெளியிட்டார்கள். இளம் பைசன்களின் வயது கலந்துகட்டியாக இல்லை. பிறந்து 2 முதல் 4 மாதம் ஆனவை ஒரு கூட்டம். அடுத்தது 14 முதல் 16 மாதம். அதற்கடுத்தது இரண்டு வயதைத் தாண்டியவை. நடுவில் வரவேண்டிய ஆறு மாதக் கன்றையும் பத்து மாதக் கன்றையும் காணோம். பைசன் ஆண்டுதோறும் ஒரே பருவத்தில் ஈனும் விலங்கு. அப்படியானால் மந்தை ஆண்டுக்கு ஒரு முறை, வசந்தத்தின் கடைசியில், அந்தப் பக்கம் வந்து சில காலம் மேய்ந்துவிட்டுப் போயிருக்கிறது என்று அவர்கள் கணித்தார்கள்.

வெயில் காலத்தில்தானே தார் இளகும், அப்போது சிக்கியவை மட்டும் கிடைக்கின்றனவோ என்று வாசகர் கேட்கலாம். நியாயமான கேள்வி. குளிரில் தார் இறுகிவிடும். வெயிலில் இளகி, மேலே தூசியும் சருகும் படிந்து வெறும் தரைபோலத் தெரியும். சில அங்குல ஆழம் போதும், ஒரு மாட்டின் காலைப் பிடித்துக்கொள்ள. ஆனால் வெயில் காலம் பல மாதம் நீளும். மந்தை அங்கேயே இருந்திருந்தால் கன்றுகளின் வயதும் அத்தனை மாதத்துக்கும் பரவியிருக்க வேண்டும், அப்படிப் பரவவில்லை. அதனால் வலசை என்ற முடிவு எனக்கு வலுவாகவே படுகிறது.

இது ஒரு பருவத்து நடை. கண்டம் விட்டுக் கண்டம் போன நடையும் அதே குழிகளில் இருக்கிறது. அங்கே கிடைத்த ஒட்டகத்தைப் பற்றிப் படித்து வியந்தவர்கள் பலர் இருப்பார்கள். ஒட்டகக் குடும்பமும் குதிரைக் குடும்பமும் உருவானதே வட அமெரிக்காவில்தான். அங்கிருந்து, இன்று கடலுக்கடியில் கிடக்கும் பெரிங் நிலப்பாலம் வழியாக ஆசியாவுக்கு வந்தன. எதிர்த்திசையில் போனவை மாமதம் (மாமூத்) என்ற பழங்கால யானையினமும் பைசனும். தரையில் வாழ்ந்த ஸ்லாத் என்ற விலங்கு தெற்கிலிருந்து பனாமா நிலத்தொடர் ஏறி வந்தது. குதிரை பிறந்த மண்ணிலேயே அற்றுப்போய், ஸ்பானியர்களின் கப்பலில்தான் திரும்பிப் போனது என்பதை நினைத்தால் இன்றும் மனம் என்னவோ செய்கிறது. ஆப்பிரிக்க யானையைவிட நம் யானைக்குத்தான் மாமதம் நெருங்கிய சொந்தம் என்பதையும் ஒரு வரி சேர்த்திருக்கலாம்.

இன்னொன்று. 1913 முதல் 1915 வரை நடந்த பெரிய அகழ்வில் கண்ணை ஈர்த்தவை பெரிய எலும்புகள்தான். 1969-இல் 91-ஆம் குழியை மறுபடி திறந்தபோதுதான் எலிப்பல், வண்டின் இறக்கை ஓடு, விதை என்று பொடிப்பொடியானவற்றையும் சலித்து எடுக்க முறையாக இறங்கினார்கள். காலநிலையைச் சொல்வது பெரும்பாலும் இந்தப் பொடிகள்தான்.

இந்தத் தொடர் நீளும் என்று அறிவித்திருக்கிறீர்கள். அடுத்த பகுதியில் ஒரு பைசன் கன்றின் தாடையைப் பக்கவாட்டில் பெரிதாகப் போட்டு, முளைத்த பல் எது, ஈறுக்குள் நிற்பது எது என்று அம்புக்குறி இட்டுக் காட்டுங்கள். முன்பல் உதிர்ந்துபோயிருந்தாலும் பரவாயில்லை. கடைவாய்ப் பல் தெரிந்தால் போதும். மாடு வளர்க்கும் வீட்டுப் பிள்ளைகள் அதை யாரும் சொல்லித்தராமலே படித்துவிடுவார்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கால்நடை மருத்துவர்,
காங்கேயம்